ஒளியும் படிகமும்

தொண்டை நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று திருவாலங்காடு. திருவள்ளூரிலிருந்து அரக்கோணத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையின் மருங்கே அமைந்த ஊர் அது. காரைக்காலம்மையார் இறைவனின் திருக்கூத்தைக் கண்டு மகிழ்ந்து தங்கிய தலம் என்னும் பெருமை அவ்வூருக்கு உண்டு. கூத்தப்பெருமான் ஆடுவதற்கு உரியனவாகத் தமிழ்நாட்டில் ஐந்து மன்றங்களைச் சொல்வர். தில்லையில் இருப்பது பொன்மன்றம். மதுரையில் இருப்பது வெள்ளிமன்றம். திருநெல்வேலியில் இருப்பது செப்புமன்றம். குற்றாலத்தில் இருப்பது சித்திரமன்றம். திருவாலங்காட்டில் இருப்பது மணிமன்றம். இதனையே இரத்தினசபை என்றும் வழங்குவர். இங்கே இறைவனுக்கும் காளிக்கும் ஆடற்போட்டி நிகழ்ந்ததென்றும், இறைவன் தன் காதினின்று கீழே விழுந்த குழையைக் காலால் எடுத்துக் காதில் அணிந்து ஆடிய ஒரு நிலையிலே காளி தோற்றாளென்றும் தலபுராணம் கூறும். ஆட்டம் இருவர்க்கும் பொதுவாய் இருந்தது. வெற்றி தோல்வியை முடிவு செய்தது நின்ற நிலையே.

மணி என்னும் சொல் தமிழர்க்கு மிகப் பழையது. மதுரை மாநகரத்து மணிக்கடைத் தெருவையும், அங்கு விற்கப்பெற்ற ஒன்பான் மணிகளின் குணங்குற்றங்களையும் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. மணிமேகலைக் காப்பியத்திலோ பளிக்கறை என்னும் பளிங்கு மண்டபம் ஒன்று வருகின்றது. உள்ளே நிற்பவரின் உருவத்தை வெளியே காட்டும். அவர்தம் குரலை வெளியே விடாது. ஒளிக்கு வழிவிட்டு ஒலிக்குத் தடையாய் நிற்கும் ஒரு பொருளைக் காப்பியப் புலவர் கதைக்கு ஏற்பப் பயன்படுத்திய திறம் வியத்தற்குரியது. ஒளியைத் தன்னுள் ஏற்று விளங்குவதாலேயே மணி மதிக்கப்பெற்றது. அந்த ஒளி மணிக்குள்ளே புகுந்து என்ன செய்கின்றது என்பதை ஆராயப் புகுந்தவர் பிற்கால அறிவியலாளர் ஆவர்.

மணிகளுட் பெரும்பாலானவை படிகங்கள். படிகம் என்பது யாது? வீட்டிலுள்ள கற்கண்டை எடுத்து நோக்கின் இது எளிதில் விளங்கும். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, அதனுள் நூலைத் தொங்கவிட்டு, அசையாமல் பல நாள் வைத்திருப்பர். பாகிலுள்ள சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நூலைப் பற்றி அமர்ந்து, தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உடைய கட்டிகளாய் வளரும். மூலக்கூறு என்பது ஒரு பொருளின் தன்மை கெடாமல் பகுக்கக்கூடிய மிகச் சிறிய கூறாகும். கற்கண்டின் உள்ளே அம்மூலக்கூறுகள், அணிவகுத்து நிற்கும் மாணவரைப் போல, வரிசை பிறழாமல், ஒரே இடைவெளி விட்டு, ஒரே திசை நோக்கி நிற்கின்றன. இந்த ஒழுங்கே படிகத்தின் இலக்கணம். உப்பளத்தில் விளையும் உப்பும் படிகமே. சன்னற் கண்ணாடி பளபளப்பும் தெளிவும் உடையதாயினும் படிகம் அன்று. ஏனெனில் அதன் அணுக்கள் சந்தைக் கூட்டம் போல வரிசையின்றிக் கலந்து கிடக்கின்றன.

ஒழுங்கு மாறினால் பொருளின் குணமே மாறிவிடும். வைரமும், எழுதுகோலினுள் இருக்கும் கருமையான கிராபைட்டும் கரியணுக்களால் மட்டுமே ஆனவை. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு திசையிலும் நான்கு அணுக்களை இறுகப் பற்றி நிற்கின்றது; கிராபைட்டிலோ அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஆதலின் முன்னது ஒளியைத் தன்னூடே செலுத்தி மின்னுகின்றது. பின்னது ஒளியை விழுங்கிக் கறுத்திருக்கின்றது. முன்னது எல்லாவற்றையும் கீறும். பின்னது தாளில் தேய்ந்து எழுத்தாகும். 1888ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்து, ஒளிச்சிதறலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சந்திரசேகர வேங்கட இராமன், பெங்களூரில் வைரங்கள் பலவற்றைத் திரட்டி வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தார். படிகத்தின் ஒழுங்கையும் ஒளியின் போக்கையும் சேர்த்து ஆராயும் கல்வி தென்னாட்டில் அவர் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

படிகத்துட் புகும் ஒளி சில வேளைகளில் புகுந்தவாறே வெளிப்படுவதில்லை. 1961இல் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் என்பாரும் அவர்தம் தோழர்களும் சிவந்த லேசர் ஒளியைக் குவார்ட்சுப் படிகம் ஒன்றினுள் பாய்ச்சினர். அவ்வொளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே நானோமீட்டர். படிகத்தின் மறுபுறத்தில், அச்சிவப்பொளியோடு, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியும் சிறிதளவு வெளிப்பட்டது. அதன் அலைநீளம் 347 நானோமீட்டர். அஃதாவது முன்னதிற் சரிபாதி. இரண்டு ஒளியலைகளைப் படிகம் ஒன்றாக இணைத்துவிட்டது. புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாய்ப் பதிந்தது. கட்டுரை அச்சேறியபோது, அப்புள்ளியைத் தூசு எனக் கருதி அழித்துவிட்டனர் என்று சொல்வர். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கின்றது. அழிந்துபோன அப்புள்ளியிலிருந்து ஒரு புதிய ஒளியியல் துறை பிறந்தது. இந்நாளில் விரிவுரையாளர் கையில் வைத்துச் சுட்டும் பச்சை லேசர்க் கோல்களிற் பல இம்முறையிலேயே இயங்குகின்றன. அவற்றினுள் 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளி ஒரு படிகத்தின் வழியே சென்று 532 நானோமீட்டர் அலைநீளமுடைய பச்சை ஒளியாக மாறுகின்றது.

எல்லாப் படிகங்களும் இவ்வாறு செய்ய வல்லன அல்ல. ஒரு நடுப்புள்ளிக்கு இருபுறமும் அணுக்கள் முற்றிலும் ஒத்து அமைந்த படிகத்தில் ஒளியலைகள் இவ்வாறு இணைவதில்லை. ஒருபுறம் இருப்பதற்கு ஈடு மறுபுறம் இல்லாத அமைப்பே இதற்கு வேண்டும். மேலும், ஒளி படிகத்தினுள் ஒரு குறிப்பிட்ட திசையிற் சென்றால்தான் பயன் மிகுதியாகக் கிட்டும். எனவே, படிகத்தை வளர்ப்போர் அதனைப் பெரிதாகவும் பழுதின்றியும் வளர்ப்பதோடு, வேண்டிய திசையில் அறுத்தும் எடுத்தல் வேண்டும். பல வாரம் காத்திருந்து வளர்த்த படிகத்தில் ஒரு பகுதியே பயன்படும், எஞ்சியது வீணாகும்.

இக்குறையைப் போக்க வழிகண்டவர் தமிழ்நாட்டு அறிஞர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் படிக வளர்ப்பு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனைத் தோற்றுவித்து வளர்த்தவர் பேராசிரியர் பி. இராமசாமி. அவரும் கே. சங்கரநாராயணனும் 2005இல் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். அம்முறை அவ்விருவர் பெயராலேயே சங்கரநாராயணன் – இராமசாமி முறை என வழங்குகின்றது. கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடியில், வேண்டிய திசை மேல்நோக்கி இருக்குமாறு, ஒரு சிறு படிகத்தை விதையாக ஊன்றுவர். அதன்மேல் கரைசலை ஊற்றுவர். குழாயின் மேற்பகுதியைச் சற்று மிகுதியாகச் சூடேற்றினால் கரைப்பான் மெல்ல ஆவியாகும். கரைந்திருந்த பொருள் கீழே இறங்கி விதையின்மேற் படியும். படிகம் அந்த ஒரே திசையில், குழாயின் வடிவிலேயே, தண்டு போல வளர்ந்து மேலெழும். பென்சோபீனோன் என்னும் கரிமப் பொருளை முதற்கண் இம்முறையில் வளர்த்துக் காட்டினர். கரைசலில் உள்ள பொருளிற் பெரும்பகுதி படிகமாகிவிடுதலும், வேண்டிய திசை தொடக்கத்திலேயே அமைந்துவிடுதலும் இம்முறையின் சிறப்புகள். கற்கண்டு காய்ச்சுவோர் நூலைத் தொங்கவிட்ட அறிவே இங்கு நுண்ணிதாய் வளர்ந்து நிற்கின்றது எனலாம்.

இதுகாறும் கூறியது, படிகம் ஒளியை மாற்றும் செய்தி. இனி, ஒளி படிகத்தை மாற்றும் செய்தியைக் காண்போம்.

மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து சாண்டோனின் என்னும் மருந்துப் பொருளை மேனாட்டார் பிரித்தெடுத்து வந்தனர். வயிற்றுப் பூச்சிகளை ஒழிக்க அது பயன்பட்டது. 1834இல் திராம்சுடார்ப் என்னும் ஜெர்மானியர், நிறமற்ற அதன் படிகங்களை வெயிலில் வைத்தபோது, அவை மஞ்சள் நிறம் பெற்றுப் படீரென்று வெடித்துச் சிதறக் கண்டார். எவரும் தொடவில்லை, தீ மூட்டவில்லை, வெயில் பட்டதே காரணம். திண்பொருளில் ஒளியால் நிகழும் வேதிவினையைக் கண்டு எழுதிய மிகப் பழைய குறிப்புகளுள் அஃது ஒன்றாகும். ஆயினும் அப்படிகத்தினுள் நிகழ்வது யாது என்பது தெளிவாக விளங்க 2007ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒளியை ஏற்ற மூலக்கூறுகள் உருமாறுகின்றன. உருமாறியவை பழைய இடத்தில் அடங்காமல் நெருக்குகின்றன. நெருக்கம் பொறுக்காமல் படிகம் வெடிக்கின்றது. ஒளியின் ஆற்றல் இங்கே உண்மையில் ஓர் வேலையைச் செய்துள்ளது. ஆனால் அவ்வேலை படிகத்தின் அழிவில் முடிந்தது. அழிவின்றி அதனை நடத்துவது எங்ஙனம் என்பதே அறிஞர் முன் நின்ற வினா.

அதற்கு விடை சமையலறைப் பொருளொன்றின் வழியாகக் கிடைத்தது. இலவங்கப்பட்டையின் மணத்துக்குக் காரணமான பொருளோடு நெருங்கிய தொடர்புடையது சின்னமிக் அமிலம். அதன் படிகங்களை வெயிலில் வைத்தால் இரண்டிரண்டு மூலக்கூறுகள் கைகோத்து ஒன்றாகிவிடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தனர். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. சின்னமிக் அமிலம் ஒருவகைப் படிகமாய் இருந்தால் ஒரு பொருள் விளைகின்றது. வேறுவகைப் படிகமாய் இருந்தால் வேறொரு பொருள் விளைகின்றது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில படிகங்களோ, எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் மாறுவதில்லை. பொருள் ஒன்றே, ஒளி ஒன்றே, பயன் மட்டும் வேறு வேறு.

1912இல் தொடங்கிய எக்ஸ் கதிர் ஆராய்ச்சியினால், படிகத்துள் அணுக்கள் நிற்கும் இடத்தை அளந்தறியும் வாய்ப்பு வந்தது. இசுரேல் நாட்டு வைசுமன் ஆய்வுக்கூடத்தில் கெர்கார்டு சுமித்து என்பாரும் அவர் தோழரும் சின்னமிக் அமில இனத்துப் படிகங்கள் பலவற்றை அளந்து, 1964இல் புதிரை விடுவித்தனர். அவர்கள் கண்ட முடிவு இது: படிகத்தினுள் அடுத்தடுத்து நிற்கும் இரு மூலக்கூறுகளின் இணையக்கூடிய பகுதிகள் ஒன்றுக்கொன்று இணையாய் நிற்றல் வேண்டும், அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்படாது இருத்தல் வேண்டும். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் வருவது ஓர் ஆங்ஸ்ட்ராம். இந்நெருக்கம் இருப்பின் ஒளி பட்டவுடன் இரண்டும் இணையும். எதிரெதிராய் நின்றவை ஒருவகையாகவும், ஒரே பக்கம் நோக்கி நின்றவை மற்றொரு வகையாகவும் இணையும். இடைவெளி மிகுந்து நின்றவை இணையா. ஆகவே, ஒளி என்ன செய்யும் என்பதை ஒளி மட்டும் முடிவு செய்வதில்லை. மூலக்கூறு நிற்கும் நிலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றது.

இவ்விதியை அறிஞர் உலகம் ஏற்றுப் போற்றியது. எனினும், நல்ல விதியையும் ஐயுற்று ஆராய்வதே அறிவியலின் இயல்பு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கே. வேங்கடேசன், வி. இராமமூர்த்தி ஆகியோரும் அவர்தம் மாணவரும் குமாரின் என்னும் நறுமணப் பொருளின் இனத்துப் படிகங்களை ஆராய்ந்து, 1985இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 7-குளோரோகுமாரின் என்னும் படிகத்தில் மூலக்கூறுகளின் இடைவெளி ஒரு வகையில் 4.45 ஆங்ஸ்ட்ராம். சுமித்தின் வரம்பைக் கடந்த தொலைவு அது. ஆயினும் ஒளி பட்டவுடன் அவை இணைந்தன. 7-மெத்தாக்ஸிகுமாரின் என்னும் மற்றொன்றில், இணையக்கூடிய பகுதிகள் இணையாய் நில்லாமல் 65 பாகை அளவு திரும்பி நின்றன. ஆயினும் அவையும் இணைந்தன. சுற்றிலும் உள்ள மூலக்கூறுகள் சிறிது இடங்கொடுக்குமாயின், உள்ளிருப்பவை அசைந்து திரும்பி ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும் என்பது இதனாற் புலனாயிற்று. படிகம் கல் போல இறுகியது என்னும் எண்ணம் இங்ஙனம் திருத்தம் பெற்றது. மேலும், மூலக்கூறில் ஒரு குளோரின் அணுவைப் பொருத்தினால், அது மற்றவற்றை வேண்டிய வரிசையில் நிறுத்தத் துணைசெய்யும் என்பதும் இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது. படிகத்தின் ஒழுங்கைக் கண்டறியும் நிலையிலிருந்து, ஒழுங்கை வகுத்து அமைக்கும் நிலைக்கு அறிஞர் முன்னேறினர்.

இரண்டு மூலக்கூறுகள் இணையுமாயின், ஆயிரக்கணக்கானவை தொடர்ந்து இணைய முடியாதா? முடியும். சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அதனைப் பலபடி என்பர்; பாலிமர் என்பதும் அதுவே. நைலானும் பாலித்தீனும் பலபடிகளே. பொதுவாகத் தொழிற்சாலையில் செய்யப்பெறும் பலபடியின் உள்ளே இச்சங்கிலிகள் சிக்குண்ட நூற்குவியல் போலப் பின்னிக் கிடக்கும். நெசவுக்குப் பெயர்பெற்ற பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் நன்கறிவர்: சிக்குண்ட நூலுக்கும், தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நூல் ஒன்றேயாயினும் துணியாகத் தக்கது பாவே.

பாவு நூல் போன்ற பலபடியைப் படிகத்தினுள்ளேயே உண்டாக்கும் வழியை 1969இல் ஜெர்மானிய அறிஞர் கெர்கார்டு வேக்னர் விளக்கினார். டைஅசெட்டிலின் என்னும் இனத்துப் பொருள்களின் மூலக்கூறுகள் படிகத்தினுள், ஏணிப் படிகளைச் சாய்த்து அடுக்கினாற்போல நிற்கின்றன. புற ஊதா ஒளி பட்டவுடன் ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்து அடுத்ததைப் பற்றிக்கொள்கின்றது. அது தன் அடுத்ததைப் பற்றுகின்றது. இவ்வாறு படிகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிச் சங்கிலி நீள்கின்றது. படிகமோ உடைவதில்லை. முன்பு சிறு மூலக்கூறுகளின் படிகமாய் இருந்தது இப்போது நீண்ட சங்கிலிகளின் படிகமாகிவிடுகின்றது. சாண்டோனின் வெடித்த இடத்தில் டைஅசெட்டிலின் உறுதியாய் நிற்பதற்குக் காரணம், வினை முடிந்த பின்னும் மூலக்கூறுகள் ஏறத்தாழத் தத்தம் இடத்திலேயே இருப்பதாகும். வினை நிகழ்ந்ததைக் கண்ணாலேயே காணலாம். நிறமின்றி இருந்த படிகம் ஆழ்ந்த நீலமாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். ஏனெனில் நீண்ட சங்கிலி ஒளியை விழுங்கும் ஆற்றலைப் பெறுகின்றது.

ஒளி பட்டால் வளையும் பலபடிகளும் உள. அசோபென்சீன் என்னும் மூலக்கூறு இயல்பில் நேரான கோல் போன்றது. புற ஊதா ஒளி பட்டால் நடுவில் மடங்கிக் குறுகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளி பட்டால் மீண்டும் நிமிரும். ஒரு மூலக்கூறு மடங்குவதை எக்கண்ணும் காண இயலாது. ஆனால் பல மூலக்கூறுகள் வரிசையாய் நின்று ஒரே திசையில் மடங்குமாயின் பொருள் முழுதும் மடங்கும். 2003இல் சப்பான் நாட்டு அறிஞர், அசோபென்சீன் கலந்த பலபடியால் மெல்லிய ஏடு ஒன்றைச் செய்து, ஒளி படும் திசைக்கேற்ப அதனை வளைத்தும் வேறொளியால் நிமிர்த்தியும் காட்டினர். கம்பியும் மின்கலமும் இன்றி ஒளியாலேயே இயங்கும் நுண்கருவிகளைச் செய்யலாம் என்னும் நம்பிக்கை அதனால் வளர்ந்தது. ஒரு படகைப் பலர் கூடித் துடுப்பு வலிக்கும்போது, எல்லோரும் ஒரே தாளத்தில் வலித்தால்தான் படகு செல்லும். இங்கும் அந்தத் தாளத்தைத் தருவது ஒழுங்கே.

அவ்வேட்டினுள் இருந்த ஒழுங்கு நீர்மப் படிகத்தின் ஒழுங்கு ஆகும். நீர் போல ஓடும் இயல்பும், படிகம் போல ஒழுங்கும் உடையது நீர்மப் படிகம். கைக்கடிகாரம், கணிப்பான், கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் திரைகளுட் பல இதனால் ஆனவை. நீண்ட காலம், கோல் போன்ற மூலக்கூறுகளே நீர்மப் படிகம் ஆகும் என்று எண்ணியிருந்தனர். 1977இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய இருவரும் தட்டுப் போன்ற மூலக்கூறுகளும் நீர்மப் படிகம் ஆகும் என்று கண்டு உலகுக்கு உணர்த்தினர். இச்சந்திரசேகர் விண்மீன் ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவர் அல்லர். அப்பெயர் கொண்ட வேறோர் அறிஞர். காசுகளை அடுக்கினாற்போல இத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்கும். பின்னர் இத்தகைய தட்டு மூலக்கூறுகளை வேண்டிய சாய்வில் நிறுத்தி, புற ஊதா ஒளியால் பலபடியாக்கி உறையச் செய்து, மெல்லிய ஏடுகளாக்கினர். அவ்வேட்டைத் திரையின்மேல் ஒட்டியபின், பக்கவாட்டிலிருந்து நோக்குவோர்க்கும் படம் தெளிவாய்த் தெரிந்தது. தென்னாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அறிவு வேட்கையால் கண்ட உண்மை, பலர் வீட்டுத் திரைக்குப் பயன்பட்ட வரலாறு இதுவாகும்.

இவையெல்லாம் கற்றோர்க்கும் தொழிலாளர்க்கும் உரிய செய்திகள் என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. டைஅசெட்டிலின் படிகத்தின் வரலாறு சிற்றூர்க் குழந்தையின் வாழ்வோடும் தொடர்புடையது. அப்படிகத்தினுள் சங்கிலி கோக்கும் வினையை ஒளி தூண்டுவது போலவே வெப்பமும் தூண்டும். வெப்பம் மிகுந்தால் வினை விரையும், குறைந்தால் தாழ்க்கும். எனவே, படிகம் எவ்வளவு கறுத்துள்ளது என்பதை நோக்கி, அது எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு காலம் இருந்தது என்பதை மதிப்பிடலாம். இவ்வியல்பை மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது.

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயைத் தடுக்கும் சொட்டு மருந்து வெப்பம் தாங்காதது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காக்கப்பட வேண்டியது. கோடை வெயிலில், மின்சாரம் தடைப்பட்ட ஒரு சுகாதார நிலையத்தில், பேருந்தும் மிதிவண்டியும் கடந்து வந்த ஒரு பெட்டியில், மருந்து கெட்டிருந்தால் எங்ஙனம் அறிவது? கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பார்வைக்கு ஒன்றே. கெட்டதைக் கொடுத்தால் குழந்தைக்குக் காப்பு இல்லை. தாயோ காப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பி வீடு திரும்புவாள். ஐயத்தால் நல்லதைக் கொட்டிவிட்டால் வேறு குழந்தைக்கு மருந்து இல்லை. இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க, 1996 முதல் போலியோச் சொட்டு மருந்துக் குப்பிகளின்மேல் ஒரு சிறு குறியை அச்சிடலாயினர். கருநீல வட்டம் ஒன்று. அதன் நடுவே வெளிறிய சதுரம் ஒன்று. சதுரத்தில் பூசியிருப்பது டைஅசெட்டிலின் இனத்துப் பொருள். குப்பி வெப்பத்தில் இருக்க இருக்க, படிகத்தினுள் சங்கிலி கோக்கப்பெற்றுச் சதுரம் கறுக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அம்மருந்தைக் கொடுத்தல் கூடாது. கறுத்த சதுரம் மீண்டும் வெளுக்காது. பனிக்கட்டியில் மறுபடி வைத்து ஏமாற்றவும் இயலாது.

படித்துப் பட்டம் பெறாத ஊழியரும் ஒரு பார்வையில் இதனை அறியலாம். அளவுகோல் வேண்டா, மின்சாரம் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் இறுதியாக நோயுற்ற குழந்தை 2011 சனவரியில் காணப்பெற்றது. 2014 மார்ச்சு 27ஆம் நாள் இந்நாடு அந்நோய் நீங்கியதாக அறிவிக்கப்பெற்றது. அவ்வெற்றி தெருத்தெருவாய்ச் சென்ற ஊழியர்க்கும், குழந்தையை எடுத்து வந்த தாய்மார்க்கும் உரியது. அவர்தம் கையிலிருந்த குப்பியின்மேல், நகக்கண் அளவினதாய் ஒட்டியிருந்த படிகப் பூச்சுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

இற்றை நாளில் திருவள்ளூர் மாவட்டம் வயலும் ஏரியும் மட்டும் உடையதன்று. கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. அங்கே பணிபுரியச் செல்லும் இளைஞர், பொருள்களை வாங்கிப் பொருத்தும் தொழிலோடு அமையாமல், பொருளின் உள்ளமைப்பை அறிந்து ஆக்கும் தொழிலையும் கற்றல் வேண்டும். பிராங்கனின் புள்ளி தூசென அழிக்கப்பட்டது. சாண்டோனின் வெடித்த காரணம் விளங்க 173 ஆண்டுகள் சென்றன. நல்லதென ஏற்கப்பட்ட விதியும் 21 ஆண்டுகளுக்குப் பின் திருத்தம் பெற்றது. சிறியது என்று ஒன்றையும் தள்ளாமை, பொறுத்திருந்து வளர்த்தல், ஒப்புக்கொள்ளப்பட்டதையும் மீண்டும் அளந்து பார்த்தல் ஆகிய மூன்றும் இத்துறையில் நுழைவோர்க்கு வேண்டும் பண்புகள்.

வெயில் எல்லாப் பொருளின்மேலும் ஒருபடியாகவே காய்கின்றது. அதனை ஏற்று ஒன்று வெடிக்கின்றது, ஒன்று இணைகின்றது, ஒன்று வளைந்து நிமிர்கின்றது, ஒன்று நிறமாறி எச்சரிக்கின்றது, ஒன்று சற்றும் மாறாமல் கிடக்கின்றது. வேற்றுமை வெயிலில் இல்லை. உள்ளே நிற்கும் நிலையில் உள்ளது. அந்நிலையை அறிந்து, வேண்டியவாறு அமைத்துக் கொடுப்பவரே ஒளியை ஏவல் கொள்ள வல்லவர் ஆவர்.